நிற்பதும் ‘நில்’ என்பதும்

2024 நவம்பர் 27 அன்று குடியரசுத் தலைவர் திரௌபதி முர்மு கோவையிலிருந்து உதகைக்கு ஹெலிகாப்டரில் போவதாக ஏற்பாடு. வானிலை இடம் கொடுக்கவில்லை. மேட்டுப்பாளையம், கோத்தகிரி வழியாகச் சாலையிலேயே மலையேறினார். நாளிதழ்களில் இது ஒரு வரியில் முடிந்துபோன செய்தி. பந்தோபஸ்து பார்ப்பவர்களுக்கு அப்படியல்ல. ஹெலிகாப்டர் என்றால் ஏறுமிடம், இறங்குமிடம், அங்கிருந்து மாளிகை வரை கொஞ்சம் தூரம், அவ்வளவுதான். சாலை என்றால் அடிவாரத்திலிருந்து உச்சி வரை ஒவ்வொரு வளைவும் கணக்கில் வரும். சமவெளியில் ஒருவர் நின்ற இடத்திலிருந்தே அரை கிலோமீட்டரைப் பார்த்துவிடலாம். மலைப்பாதையில் அடுத்த வளைவுக்கு அப்பால் என்ன இருக்கிறது என்று தெரியாது. மேலே தேயிலைச் சரிவு, கீழே பள்ளம், நடுவில் எஸ்டேட்டுக்குப் பிரியும் மண்பாதை. ஆகவே ஆள் அதிகம் வேண்டும். அந்த ஆள் மணிக்கணக்கில் நிற்க வேண்டும். வாகனங்கள் வந்து போவதென்னவோ சில நொடிதான்.

பாதுகாப்புப் பணி என்றதும் கறுப்புக் கண்ணாடியும் காதில் சுருள் கம்பியுமாகத் தலைவருக்கு ஒட்டி நடக்கும் ஆண்கள்தான் நம் கண்முன் வருகிறார்கள். அதற்குத் தமிழில் மெய்க்காவல் என்ற நல்ல சொல் இருக்கிறது. ஆனால் அந்தப் பணியின் பெரும்பகுதி மெய்க்கு அருகில் நடப்பதில்லை. சாலையோரத்தில், வாசலில், திரைக்குப் பின்னால் நடக்கிறது. பெண்கள் இந்தத் தொழிலுக்குள் வந்தது இந்த ஓரங்களின் வழியாகத்தான். ஓரத்தில் நிற்கும் வேலை அவர்களுக்குத் தாராளமாகக் கிடைத்தது. வருகிறவரைப் பார்த்து ‘நில்’ என்று சொல்லும் அதிகாரம்தான் எளிதில் கிடைக்கவில்லை. நிற்பதற்கும் ‘நில்’ என்பதற்கும் உள்ள இந்த இடைவெளியை வைத்து, நீலகிரியை நடுவில் நிறுத்தி, இந்தப் பணியின் வரலாற்றைப் பார்க்கலாம்.

வாளேந்திய பெண் நமக்குப் புதியவளல்ல. பத்துப்பாட்டில் நப்பூதனார் பாடிய முல்லைப்பாட்டில் அரசனின் பாசறை வருகிறது. அங்கே கச்சில் வாள் பூண்ட பெண்கள் இருக்கிறார்கள். அந்தப் பெண்கள் என்ன செய்கிறார்கள் என்பதைக் கவனிக்க வேண்டும்: விளக்குகளுக்கு எண்ணெய் வார்த்துத் திரி கொளுத்துகிறார்கள். அரசன் தங்கும் இடத்தைக் காப்பதாகப் பாட்டு காட்டுவது யவனரையும், பேச்சறியாத மிலேச்சரையும். இடுப்பில் வாள், கையில் விளக்கு. இரண்டாயிரம் ஆண்டுக்கு முந்தைய இந்தக் காட்சியை நான் பலமுறை நினைத்துக்கொண்டதுண்டு, அதிலும் இன்றைய விழா மேடைகளில் சீருடையணிந்த பெண் காவலர் குத்துவிளக்குக்கு அருகே தட்டேந்தி நிற்பதைப் பார்க்கும்போது.

வடக்கே மௌரிய அரசவையில் இது இன்னும் வெளிப்படையாக இருந்தது. அரசன் படுக்கையை விட்டு எழும்போது வில்லேந்திய பெண்கள் சூழ்ந்திருக்க வேண்டும் என்று அர்த்தசாஸ்திரம் விதிக்கிறது. சந்திரகுப்தனின் அவைக்கு வந்த மெகஸ்தனிஸ், அரசனின் உடலைப் பேணுபவர்கள் பெண்கள் என்றும், அவர்கள் தந்தையரிடமிருந்து விலைக்கு வாங்கப்பட்டவர்கள் என்றும் எழுதியதாகக் கிரேக்க ஆசிரியர்கள் குறிப்பிடுகிறார்கள். அந்தக் காலத்திலேயே பெண் மெய்க்காவலர் இருந்தார்கள் என்று பெருமைப்பட இதில் அதிகமில்லை. விலைக்கு வாங்கப்பட்டவளுக்கு அரண்மனைக்கு வெளியே குலமில்லை, கட்சியில்லை, ஆட்சியைப் பிடிக்கும் ஆசைக்கு இடமில்லை. அவளுடைய அதிகாரமின்மைதான் அரசனுக்குப் பாதுகாப்பு.

ஊர்ப்புறத்தில் காவல் என்பது கூலியோடும் உரிமையோடும் வந்த தொழில். பாடிகாவல், ஊர்க்காவல் என்று வரலாற்றில் வரும் பொறுப்புகளெல்லாம் ஆண்களிடம் இருந்தவை, தந்தையிடமிருந்து மகனுக்குப் போனவை. நீலகிரியிலும் படகர் ஊர்களுக்குக் குறும்பர் ஒருவர் காவலாக அமர்ந்து, அதற்கு ஈடாகத் தானியம் பெறும் வழக்கம் இருந்தது. அதுவும் ஆண்கள் கையில் இருந்த பொறுப்பே. அதே நேரத்தில் எல்லையைக் காக்கப் பெண் தெய்வம் வேண்டும். செல்லியம்மனும் பிடாரியும் எல்லைக்காளியும் இரவெல்லாம் விழித்திருப்பார்கள். தேயிலைத் தோட்டங்களில் லயங்களுக்குப் பக்கத்தில் ஒரு மாரியம்மன் கோயில் கட்டாயம் உண்டு. தெய்வம் கூலி கேட்பதில்லை என்பதும் ஒரு வசதிதான்.

தமிழ்நாட்டுக் காவல்துறையில் பெண்கள் சேர்ந்தது 1973-இல். ஒரு உதவி ஆய்வாளர், ஒரு தலைமைக் காவலர், இருபது காவலர்கள், மொத்தம் 22 பேர். நீலகிரி மலைக்கு அந்தப் பக்கம் கோழிக்கோட்டிலும் அதே 1973 அக்டோபரில் மகளிர் காவல் நிலையம் ஒன்றை இந்திரா காந்தி திறந்து வைத்தார். மூன்று ஆண்டுகள் கழித்து 1976-இல் திலகவதியும் லத்திகா சரணும் இந்தியக் காவல் பணிக்குத் தேர்வாகித் தமிழகத்துக்கு வந்தார்கள். திலகவதியைப் பலருக்கு எழுத்தாளராகத்தான் தெரியும். ‘கல்மரம்’ நாவலுக்கு சாகித்திய அகாதெமி விருது பெற்றவர். லத்திகா சரண் 2010-இல் மாநிலக் காவல்துறையின் தலைவராகவே ஆனார். இவையெல்லாம் பாடப்புத்தகத்தில் வரக்கூடிய ‘முதல் பெண்’ வரிசை. எனக்கு அந்த 22 பேரின் அன்றாட வேலைதான் முக்கியமாகப் படுகிறது. கைதான பெண்களையும் காணாமல் போன பிள்ளைகளையும் கையாளுவது, நீதிமன்றத்துக்குத் துணை போவது, கூட்டங்களில் பெண்கள் பக்கத்தைப் பார்த்துக்கொள்வது, சோதனையிடுவது.

சோதனையிடுவது என்பதைக் கொஞ்சம் நின்று பார்க்க வேண்டும். ஒரு பெண்ணைச் சோதனையிட வேண்டியிருந்தால் நாகரிகத்துக்குக் குறைவில்லாமல் இன்னொரு பெண்தான் செய்ய வேண்டும் என்று 1898-ஆம் ஆண்டு குற்றவியல் நடைமுறைச் சட்டமே சொன்னது. 1973-இல் வந்த புதிய சட்டத்தின் 51-ஆவது பிரிவும் அதையே திருப்பிச் சொன்னது. கவனியுங்கள், ‘இன்னொரு பெண்’ என்றுதான் சொல்லியிருக்கிறதே தவிர, ‘பெண் அதிகாரி’ என்று சொல்லவில்லை. சட்டத்துக்குத் தேவைப்பட்டது ஒரு பெண்ணின் கை. அந்தக் கைக்குப் பின்னால் பதவியோ முடிவெடுக்கும் உரிமையோ இருக்க வேண்டும் என்று அது கேட்கவில்லை. பெண்ணுடலை ஆண் தொடக்கூடாது என்ற கட்டுப்பாடு, பெண்ணை வேலைக்கு அழைத்து வந்தது. வந்தவளுக்குத் திரை போட்ட ஒரு மூலையைக் கொடுத்தது. விமான நிலையமோ, சட்டமன்றமோ, பொதுக்கூட்டமோ, எங்கு போனாலும் அந்தத் திரையும் அதற்குப் பின்னால் நிற்கும் பெண்ணும் நமக்குப் பழகிப்போயிருக்கிறார்கள்.

அந்த மூலையிலிருந்து ஒரு பெண் ‘நில்’ என்று சொன்ன இரவு ஒன்று உண்டு. 1991 மே 21, ஸ்ரீபெரும்புதூர்.

ராஜீவ் காந்தி அப்போது பிரதமர் இல்லை. சிறப்புப் பாதுகாப்புக் குழு என்ற எஸ்.பி.ஜி., அவருடைய தாயார் 1984-இல் தன் காவலர்களாலேயே கொல்லப்பட்ட பிறகு உருவானது. 1988-ஆம் ஆண்டுச் சட்டப்படி அது பிரதமருக்கும் அவர் குடும்பத்துக்கும்தான். பதவி போனதும் அந்தப் பாதுகாப்பும் போயிற்று. எனவே அன்று இரவு அவரைச் சுற்றி இருந்த வளையத்தில் பெரும்பகுதி தமிழ்நாட்டுக் காவலர்கள். பெண்கள் பக்கத்தை ஒழுங்குபடுத்தும் பொறுப்பில் இருந்தவர் அனுசுயா என்ற உதவி ஆய்வாளர். மாலையோடு நெருங்கி வந்த தணுவை அவர் தடுத்தார். எல்லோரும் வரட்டும், கவலைப்பட வேண்டாம் என்று ராஜீவே சொன்னதாக அனுசுயா பின்னாளில் பலமுறை கூறியிருக்கிறார். அடுத்த சில நொடிகளில் குண்டு வெடித்தது. ராஜீவோடு இறந்தவர்களில் பணியிலிருந்த காவலர்களும் உண்டு. அவர்களில் ஒருவர் சந்திரா என்ற பெண் காவலர். அனுசுயா படுகாயங்களோடு பிழைத்தார், வழக்கில் சாட்சியானார், பல ஆண்டுகள் பணியில் தொடர்ந்தார்.

இந்தச் சம்பவம் பற்றி ஆயிரக்கணக்கான பக்கங்கள் எழுதப்பட்டுள்ளன. தணுவைப் பற்றி எழுதியிருக்கிறார்கள், திரைப்படம் எடுத்திருக்கிறார்கள். தடுத்த கையைப் பற்றி எழுதப்பட்டது மிகக் குறைவு. பாதுகாப்புக் குறைபாடுகளை விசாரித்த நீதிபதி வர்மா ஆணையம் மத்திய, மாநில அமைப்புகளின் குறைகளோடு, உள்ளூர்க் கட்சிக்காரர்கள் ஏற்பாடுகளில் தலையிட்டதையும் சுட்டிக்காட்டியது. யாரை உள்ளே விடுவது என்பதைத் தொழில் தெரிந்தவர்கள் முடிவுசெய்யவில்லை, செல்வாக்கு உள்ளவர்கள் முடிவுசெய்தார்கள் என்பதே இதன் பொருள். மெய்க்காவலின் அடிப்படை விதி எல்லா நாட்டிலும் ஒன்றுதான். காக்கப்படுகிறவரின் விருப்பத்துக்கு எதிராகவும் காப்பவரின் ‘முடியாது’ செல்லுபடியாக வேண்டும். ஆண் அதிகாரி சொன்ன ‘முடியாது’க்கே அரசியல் தலைவர்கள் மதிப்புத் தராத நாட்டில், பெண்கள் வரிசையை ஒழுங்குபடுத்த வந்த ஒரு உதவி ஆய்வாளரின் ‘முடியாது’ எவ்வளவு தூரம் நிற்கும்? அன்று அந்தப் பெண் தன் வேலையைச் சரியாகவே செய்தார். அந்த வேலைக்கு அவரிடம் கொடுக்கப்பட்டிருந்த அதிகாரம்தான் போதவில்லை.

அந்த இரவுக்குப் பிறகு பெண்ணுடல் மீதான பார்வை மாறியது. அதுவரை கூட்டத்தில் பெண் என்பவள் காப்பாற்றப்பட வேண்டியவள், அல்லது அலங்காரம். இப்போது மாலையோடு வரும் பெண்ணும் சந்தேகத்துக்குரியவள். பெண்ணைச் சந்தேகிக்கப் பெண் வேண்டும். ஆக, திரைகள் கூடின, மெட்டல் டிடெக்டர்கள் வந்தன, பெண் காவலர்களின் தேவை பெருகியது. 1992-இல் ஜெயலலிதா அரசு சென்னை ஆயிரம் விளக்கில் அனைத்து மகளிர் காவல் நிலையத்தைத் தொடங்கியது. அவருடைய அடுத்த ஆட்சிக் காலத்தில் பெண் கமாண்டோ படை உருவானது. ஆனால் ஜெயலலிதாவை நினைத்தால் நம் கண்முன் வரும் படம் வேறு: கறுப்புச் சீருடைக் கமாண்டோ ஆண்கள் நடுவே ஒற்றைப் பெண்.

நீலகிரிக்கு அந்தப் படம் மிகவும் பழக்கம். கோத்தகிரிக்கு அப்பால் கோடநாட்டில் அவருக்கு எஸ்டேட் இருந்தது. முதல்வராக இருந்தபோது வாரக்கணக்கில் அங்கே தங்கி, முகாம் அலுவலகத்திலிருந்து கோப்புகள் பார்த்தார். முதல்வர் மலைமேல் இருந்தால் மாவட்டமே காவலில் இருக்கும். பக்கத்து மாவட்டங்களிலிருந்தும் ஆட்களை வரவழைப்பார்கள். சமவெளியிலிருந்து வந்த காவலருக்கு மலைக்குளிர் தெரியாது. பெண் காவலருக்கு அதற்கு மேலும் ஒன்று உண்டு. தேயிலைச் சரிவில் கழிப்பறை கிடையாது. ஆண்கள் வளைவுக்கு அந்தப் பக்கம் போய்வந்துவிடுவார்கள். பெண்கள் காலையிலிருந்தே தண்ணீர் குடிக்காமல் இருப்பார்கள். குளிரில் தாகம் தெரியாது என்பதால் இதைச் சமாளித்துவிடலாம் என்று தோன்றும். உடல் பின்னால் கணக்குக் கேட்கும். மாதவிலக்கு நாட்களைப் பற்றிச் சொல்லவே வேண்டாம். பெண் ஒருவர் ஆண்ட மாநிலத்தில், அவர் போகும் வழியில் நின்ற பெண்களின் நிலைமை இதுதான். மேலே ஒரு பெண் இருந்தால் கீழே எல்லாம் சரியாகிவிடும் என்று நம்புகிறவர்கள் கோடநாட்டுச் சாலையை நினைத்துப் பார்க்கலாம்.

அதே எஸ்டேட்டில், ஜெயலலிதா இறந்து சில மாதங்களில், 2017 ஏப்ரல் இரவொன்றில் ஒரு கும்பல் புகுந்தது. காவலாளி ஓம் பகதூர் கொல்லப்பட்டார், இன்னொரு காவலாளி காயமடைந்தார். பேச்செல்லாம் எஸ்டேட் பங்களாவுக்குள் என்ன இருந்தது, யார் அனுப்பினார்கள் என்பதைச் சுற்றித்தான் ஓடியது. வாசலில் நின்று உயிரைக் கொடுத்த, தொலைதூரத்திலிருந்து பிழைக்க வந்த ஒரு தொழிலாளியின் மரணம் அந்த இரைச்சலில் ஓர் அடைமொழியாகச் சுருங்கிற்று: ‘கோடநாடு காவலாளி’.

எஸ்டேட்டின் இரவுக் காவல் ஏன் எப்போதும் ஆண்களுடையது? குளிர், காட்டெருமை, சிறுத்தை, கூடலூர்ப் பக்கமானால் யானை என்று காரணங்கள் அடுக்கலாம். ஆனால் காலையில் அதே காட்டெருமை நிற்கும் சரிவில் கொழுந்து பறிக்கப் போவது பெண்கள்தான். தேயிலைத் தோட்டத்தில் உழைப்பவர்களில் பெரும்பான்மையும் அவர்களே. காரணம் சட்டத்தில் இருந்தது. 1951-ஆம் ஆண்டு தோட்டத் தொழிலாளர் சட்டத்தின் 25-ஆவது பிரிவு, மாநில அரசின் அனுமதியில்லாமல் பெண்களையும் குழந்தைகளையும் காலை 6 மணி முதல் மாலை 7 மணி வரையல்லாத நேரத்தில் வேலை வாங்கக் கூடாது என்றது. பெண்களும் குழந்தைகளும் ஒரே வரியில். லயத்துக்கு வெளியே இருட்டில் ஒரு கங்காணியோ துரையோ என்ன செய்ய முடியும் என்பதை அறிந்தவர்கள் அந்தப் பிரிவை வரவேற்றிருப்பார்கள், அதில் நியாயமும் உண்டு. ஆனால் பிரிவின் கடைசியில் ஒரு விலக்கு இருந்தது. மருத்துவச்சிகளுக்கும் செவிலியருக்கும் இது பொருந்தவில்லை. அதாவது, பிரசவம் பார்க்கவும் நோயாளிக்குப் பக்கத்தில் உட்காரவும் பெண் இரவில் விழித்திருக்கலாம். வாசலைக் காக்க விழித்திருக்கக் கூடாது. பேணுவதற்கு இருட்டு தடையாக இருக்கவில்லை, காப்பதற்குத்தான் தடை இருந்தது.

தொழிற்சாலைகளில் பெண்களுக்கு இருந்த இதே போன்ற இரவுத் தடையை 2000 டிசம்பரில் சென்னை உயர்நீதிமன்றம் செல்லாது என்றது. தடைக்குப் பதிலாகப் போக்குவரத்து, ஓய்வறை, துணை போன்ற ஏற்பாடுகளை நிபந்தனையாக்கியது. இந்தத் தீர்ப்பின் தர்க்கம் எனக்குப் பிடிக்கும். ஆபத்து இருக்கிறது என்பதற்காகப் பெண்ணை வெளியேற்றாதே, ஆபத்தைக் குறைக்கும் செலவை முதலாளி ஏற்கட்டும் என்பதுதான் அது. கீழே வரப்போகும் 2021 ஆணையை இந்தத் தர்க்கத்தோடு வைத்துப் பார்க்க வேண்டும்.

அதற்கு முன் கடல் தாண்டி ஒரு சம்பவம். பெண்கள் பெண்களையே காக்க, அதுவும் அரசாங்கத்திடமிருந்து காக்க அணி சேர்ந்த கதை. பிரிட்டனில் வாக்குரிமைப் போராளிகள் சிறையில் உண்ணாவிரதம் இருந்தபோது, உடல் நலிந்ததும் விடுவித்து, தேறியதும் மீண்டும் பிடிக்கும் சட்டம் ஒன்று 1913-இல் வந்தது. பூனை-எலிச் சட்டம் என்று அதை அழைத்தார்கள். விடுதலையான எமலின் பாங்க்ஹர்ஸ்ட் மீண்டும் பிடிபடாமலிருக்க ஏறத்தாழ முப்பது பெண்கள் மெய்க்காவல் படையாகச் சேர்ந்தார்கள். அவர்களுக்கு ஜியு-ஜிட்சு கற்றுக்கொடுத்தவர் எடித் காரட். 1914 மார்ச் 9 அன்று கிளாஸ்கோவில் பாங்க்ஹர்ஸ்ட் பேசிக்கொண்டிருந்த மேடையில் போலீஸ் ஏறியபோது, மேடையோரப் பூமாலைகளுக்குள் முள்கம்பி ஒளித்து வைக்கப்பட்டிருந்தது. சண்டை நடந்தது, கடைசியில் அவர் கைதானார். காரட்டின் உயரம் நான்கடி பதினோரு அங்குலம், அதாவது சுமார் 150 சென்டிமீட்டர். நம் நாட்டில் தனியார் பாதுகாப்பு முகமைகளுக்கான மாதிரி விதிகளில் பெண் காவலருக்குக் குறைந்தபட்ச உயரம் அதே 150 சென்டிமீட்டர். மயிரிழை வித்தியாசம்தான்.

அந்தப் பெண்களிடம் இருந்தது என்ன? யாரைத் தடுப்பது என்று அவர்களே முடிவு செய்தார்கள். கூலி இல்லை, சீருடை இல்லை, அதிகாரம் இருந்தது. நம் பெண் காவலர்களுக்குக் கூலியும் சீருடையும் இருக்கின்றன.

2021 ஜூனில் தமிழ்நாட்டுக் காவல்துறைத் தலைவர் ஓர் அறிவுறுத்தல் அனுப்பினார். முதல்வர் செல்லும் வழிகளில் சாலையோரப் பாதுகாப்புக்குப் பெண் காவலர்களை நிறுத்த வேண்டாம். புதிதாகப் பொறுப்பேற்றிருந்த முதல்வர் ஸ்டாலினின் விருப்பப்படி வந்த முடிவு. வெயிலிலும் மழையிலும் நின்றவர்களுக்கு இது பெரிய நிம்மதி, அதில் சந்தேகமில்லை. கால் மரத்துப்போக நின்ற ஒரு பெண்ணிடம் போய், இது உன்னைத் தொழிலிலிருந்து விலக்கும் சூழ்ச்சி என்று உபதேசம் செய்ய எனக்கு வாய் வராது. ஆனாலும் கேட்க வேண்டியிருக்கிறது. ஆண் காவலருக்கும் கால் வலிக்கும், சிறுநீர் வரும். நடமாடும் கழிப்பறையும் நிழற்குடையும் ஷிஃப்ட் மாற்றமும் எல்லோருக்கும் வந்திருந்தால், பெண்ணை மட்டும் எடுக்க வேண்டியிருந்திருக்காது. சாலையோரம் நிற்பது கீழ்மட்ட வேலைதான். ஆனால் மெய்க்காவல் பிரிவுக்குப் போகிறவர்கள் பந்தோபஸ்து அனுபவத்திலிருந்துதான் எழுந்து வருகிறார்கள். ஓரத்தையும் மூடிவிட்டால் நடுவுக்கு எப்படிப் போவது?

நடுவுக்கும் ஒரு வழி பிறகு திறந்தது. 2022-இல் முதல்வரின் நெருங்கிய பாதுகாப்புப் பிரிவில் முதன்முறையாக ஒன்பது பெண்கள் சேர்க்கப்பட்டார்கள். 1973-இல் திரைக்குப் பின்னால் தொடங்கியவர்கள் அரை நூற்றாண்டு கழித்து, ஆண் முதல்வர் ஒருவரின் தோளுக்கு அருகில் வந்து நின்றார்கள். இதில் ‘ஆண் முதல்வர்’ என்பதுதான் புதுமை. பெண் தலைவருக்குப் பெண் காவல் என்பது பழைய திரையின் நீட்சி. ஆணின் உயிருக்குப் பெண்ணின் கண்ணும் கையும் பொறுப்பு என்பது வேறு விஷயம். மாநிலத்தில் 35 ஆயிரத்துக்கும் மேற்பட்ட பெண் காவலர்கள் இருக்கும்போது ஒன்பது என்பது எவ்வளவு சிறிய எண் என்பதையும் மறக்க வேண்டாம். மறு ஆண்டு, 2023 மார்ச்சில், பெண் காவலர்களின் பொன்விழாவில் அறிவிக்கப்பட்டவற்றில் இரண்டு என்னைக் கவர்ந்தன. காலை ஏழு மணி ரோல் கால் எட்டு மணியாகும். பெண் காவலர்களுக்குக் கழிப்பறையுடன் கூடிய ஓய்வறைகள் கட்டப்படும். கமாண்டோ படத்தைப் போல இவை பத்திரிகையின் முதல் பக்கத்துக்கு வராது. வீட்டில் பிள்ளைக்குச் சோறு கட்டிவிட்டு ஓடி வருகிற காவலருக்கு அந்த ஒரு மணி நேரம் எதற்குச் சமம் என்று அவரைத்தான் கேட்க வேண்டும். பிள்ளைக்குச் சோறு கட்டுவது ஏன் அவருடைய ரோல் காலை மட்டும் பாதிக்கிறது என்று அவருடைய கணவரையும் கேட்கலாம்.

அந்த ஆண்டு ஆகஸ்டில் குடியரசுத் தலைவர் முதுமலைக்கு வந்து தெப்பக்காட்டில் பொம்மனையும் பெள்ளியையும் சந்தித்தார். அனாதை யானைக்குட்டிகளை வளர்த்த பெள்ளிக்கு மாநில அரசு அப்போதுதான் யானைப் பராமரிப்பாளர் பணியை நிரந்தரமாகக் கொடுத்திருந்தது. தமிழ்நாட்டில் அந்தப் பதவிக்கு வந்த முதல் பெண் அவர். பல ஆண்டுகள் செய்த வேலைக்கு ஆஸ்கர் படம் ஒன்று வந்த பிறகே பதவி வந்தது. அதே காட்டில் ரோந்து போகும் வேட்டைத் தடுப்புக் காவலர்கள் அநேகமாக எல்லோரும் ஆண்கள். குட்டிக்குப் பால் புகட்டுபவர் பெண், காட்டைக் காப்பவர் ஆண் என்ற பிரிவினை தோட்டத் தொழிலாளர் சட்டத்தின் விலக்கைப் படித்தவர்களுக்கு ஆச்சரியம் தராது.

அரசுச் சீருடையை விட்டு இறங்கி வந்தால், உதகையிலும் குன்னூரிலும் இன்று நாம் அதிகம் பார்ப்பது தனியார் செக்யூரிட்டிப் பெண்களைத்தான். மருத்துவமனை வாசலில், பள்ளிக்கூட கேட்டில், ஜவுளிக்கடை முகப்பில், விடுதிகளில். நீலச் சட்டைக்கு மேல் ஸ்வெட்டர், அதற்கும் மேல் காதை மூடிய மஃப்ளர். மக்கள் அவர்களை அக்கா என்று கூப்பிடுகிறார்கள், பக்கத்தில் நிற்கும் ஆணை சார் என்கிறார்கள். 2005-ஆம் ஆண்டு தனியார் பாதுகாப்பு முகமைகள் ஒழுங்குமுறைச் சட்டம் இவர்களுக்குப் பயிற்சியை விதிக்கிறது. மாதிரி விதிகளின்படி நூறு மணி நேரம் வகுப்பு, அறுபது மணி நேரம் களம். ஆனால் கேட்டில் அந்த அக்காவின் வேலை கைப்பையைத் திறந்து பார்ப்பது, வழி சொல்வது, சக்கர நாற்காலி தள்ளுவது, கூட்டம் குறைந்த நேரத்தில் கூட்டிப் பெருக்குவது என்று விரிந்துகொண்டே போகும். பார்வை நேரம் முடிந்த பிறகும் உள்ளே போகத் துடிக்கும் ஆணை அவர் தடுத்தால் உடனே வரும் பதில் ‘உங்க சூப்பர்வைசரைக் கூப்பிடுங்க’. அனுசுயாவுக்குக் கிடைத்த பதிலின் சிறிய, அன்றாட வடிவம் அது. குண்டு வெடிப்பதில்லை என்பதால் யாரும் ஆணையம் அமைப்பதில்லை.

சாலையோரத்திலிருந்து பெண் காவலர்களை விலக்கிய அதே 2021-இல், செப்டம்பரில், தமிழ்நாடு சட்டமன்றம் கடைகள் மற்றும் நிறுவனங்கள் சட்டத்தைத் திருத்தியது. பணியாளர்கள் நாள் முழுவதும் நின்றுகொண்டே இருக்கக் கூடாது, அவர்கள் உட்கார இருக்கை இருக்க வேண்டும் என்பது அதன் சாரம். கேரளத்தில் ஜவுளிக்கடைப் பெண்கள் போராடி 2018-இல் பெற்ற உரிமையின் தொடர்ச்சி இது. உதகை கமர்ஷியல் ரோட்டில் சீசன் நேரத்தில் நடந்து போனால், கடைகளுக்குள் சேலை விரிக்கும் பெண்களுக்குப் பின்னால் ஸ்டூல்களைப் பார்க்கலாம். வாசலில் நிற்கும் செக்யூரிட்டிப் பெண் முகமையின் ஆள், கடையின் ஆள் அல்ல. அவருக்கு ஸ்டூல் யார் போட வேண்டும் என்பதில் கடைக்காரரும் முகமையும் ஒருவரையொருவர் கை காட்டலாம். அடுத்த முறை அந்த வழியாகப் போகும்போது கதவுக்கு வெளியே, மழைத் தண்ணீர் தெறிக்காத இடத்தில், ஒரு ஸ்டூல் இருக்கிறதா என்று பாருங்கள்.